நெஞ்சின் மேல் நாலு வீசைக் கனம்

வயிற்றில் இருக்கும் சதையை நன்றாக அழுத்தினால் அது மார்புக்கு ஏறிவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது அல்ல. மீசை முளைத்து, பள்ளிக்கூடப் படிப்பும் முடிந்த பிறகு, நல்ல நினைவோடு நம்பினேன். இடியாப்ப உரலில் மேலே அழுத்தினால் மாவு கீழே வருகிறது. அப்படியானால் கீழே அழுத்தினால் மேலே வரத்தானே வேண்டும்? இதில் எந்த இடத்தில் தப்பு என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

விடிந்தும் விடியாத ஒரு காலை. எங்கள் சின்னக் கோயிலின் சுண்ணாம்புத் தரையில் மல்லாந்து கிடக்கிறேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சபை கூடும் இடத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். கால் இரண்டும் சபைப் பெரியவர்களான மூப்பர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் செருகியிருக்கின்றன. நெஞ்சின் மேல், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி, பிரசங்க மேசையில் இருக்க வேண்டிய பெரிய வேதப்புத்தகம். வௌவால் எச்சமும் அணைந்த மெழுகுவத்தியும் கலந்த வாசனை. முதுகுக்குக் கீழே முந்தின ஞாயிறு யார் பிள்ளையோ சிந்திய பொரிகடலை ஒன்று குத்துகிறது. முனகிக்கொண்டே எழும்புகிறேன், படுக்கிறேன், மறுபடி எழும்புகிறேன்.

வாசலில் விளக்குமாறும் கையுமாக அப்பா நிற்பது எனக்குத் தெரியாது.

போன வாரம் எழுதிய நாய்க் கதையைப் படித்துவிட்டு, “பயப்படுவதைத் தவிர உமக்கு வேறு தொழில் உண்டா?” என்று ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். வேறு தொழில் தேடிப் போனதும் உண்டு. அது இந்தக் கதை.

சர்க்கார் கேட்ட மார்பு

அப்பா உபதேசியார். ராஜபாளையத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் சபையைக் கவனித்துக்கொண்டு, சுற்றுப்பட்டி ஊர்களுக்கெல்லாம் குடையும் பையுமாக நடப்பார். மாதம் ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து குருவானவர் வண்டி கட்டி வந்து நற்கருணை கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக் கோழிகளில் ஒன்றைக் குறைத்துவிட்டுப் போவார். அவரை ஐயா என்போம்.

நானும் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பாளையங்கோட்டைக்கு ஊழியத்துக்குப் படிக்கப் போன பையன்களைப் பற்றி என் காதில் விழும்படி அம்மாவிடம் பேசுவார். அவ்வளவுதான்.

எனக்கோ போலீஸ் வேலை. தேசத்தைக் காக்கும் எண்ணமெல்லாம் இல்லை. சிவப்புத் தலைப்பாகை, பித்தளை வில்லை, எதிரே வருகிறவர்கள் விலகி வழிவிடுவது. அப்பா வந்தாலும் சில தெருக்களில் விலகிப் போனார்கள்தான். ஆனால் அது வேறு மாதிரி விலகல்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் சுப்பராஜு. ராஜபாளையத்து ராஜு வீட்டுப் பையன். பள்ளியில் என் பெஞ்சுக்காரன். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்கள் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவனுடைய சித்தப்பாவின், பருத்தி அரைக்கும் ஜின் பேக்டரியில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கி, கர்லாக்கட்டை, தொங்கு கயிறு, எங்கிருந்தோ கிழித்து வந்த வெள்ளைக்காரப் பயில்வான் படம் எல்லாம் வைத்திருந்தான். தேர்வுக்கு அவனும் போகப் போகிறான்.

தையல்காரர் டேப்பால் என் மார்பை அளந்தான்.

“ஒரேய் ஆசீரு, சர்க்கார் கேக்கறதுக்குச் சரியா இருக்குடா. நூல் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல.”

“அப்ப என்னைய எடுத்துருவாக.”

“டாக்டர் டேப்பை லேசா இறுக்குனா போச்சு. கொஞ்சமாச்சும் கூட இருக்கணும்டா. அங்க கூடமாட்டேங்குது, இங்க பாரு, கேக்காமலே முந்திக்கிட்டு வருது” என்று என் வயிற்றில் ஒரு தட்டு தட்டினான்.

வழியும் அவனே சொன்னான். மல்லாந்து படுத்து, காலை எதிலாவது கோத்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே எழும்ப வேண்டும். கொஞ்ச நாள் வெறும் உடம்போடு. பிறகு நெஞ்சில் கனம் வைத்துக்கொண்டு.

“கனம் ஏற ஏற வயிறு உள்ள போயிரும்டா.”

“உள்ள போயி?”

“உள்ள போயி என்ன? இப்படி ஆவும்” என்று தன் மார்பை இரண்டு முறை தட்டிக் காட்டினான்.

அவன் தட்டியது பெருமைக்கு. நான் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். அந்த நிமிஷமே இடியாப்ப உரல் என் மனதில் வந்து உட்கார்ந்தது.

எண்ணிக்கைக்கு ஊர்கள்

வீட்டில் கால் கோக்க இடமில்லை. கயிற்றுக் கட்டில் என்னோடு சேர்ந்து எழும்பியது. அடுத்த சுவரில் இருந்த கோயிலில் மூப்பர் பெஞ்சு ஒன்று உண்டு. தேக்கு. நாலு மூப்பர்கள் பல வருஷம் உட்கார்ந்தும் அசையாதது, என் இரண்டு காலுக்கா அசையப் போகிறது?

ஒன்று, இரண்டு என்று எண்ண எனக்கு அலுப்பு. பத்துக்குள் எங்கேயாவது தவறிவிடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். தினமும் சாயங்கால ஜெபத்தில் அப்பா ஊர்களைப் பேர் பேராகச் சொல்லி வேண்டுவார். செட்டியார்பட்டி, முகவூர், தளவாய்புரம், சேத்தூர், தேவதானம் என்று போகும் அந்த வரிசை, மேற்கே சில குக்கிராமங்களைச் சுற்றிவிட்டு, வடக்கே மம்சாபுரம், கான்சாபுரத்தில் போய் முடியும். வரிசை ஒருநாளும் மாறாது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டது, தூக்கத்திலும் தப்பாமல் சொல்வேன். ஆகவே ஓர் எழும்பலுக்கு ஓர் ஊர்.

முதல் நாள் சேத்தூரில் சுருண்டு விழுந்தேன். சில வாரத்தில் கான்சாபுரத்தைத் தாண்டி, அப்பாவின் ஜெபத்தில் இல்லாத ஊர்களுக்கும் போய்விட்டேன்.

“இன்னைக்கு எங்கடா வரைக்கும்?” என்பான் சுப்பராஜு.

“வத்திராயிருப்பு.”

“பரவாயில்லையே. நாளைக்கு மலையேறிருவ.”

பக்கத்தில் யாராவது நின்று கேட்டிருந்தால் நான் சொந்தமாக வில்வண்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கனம் தேடிய கதை

பிறகு கனம். சுப்பராஜுவிடம் பஞ்சு நிறுக்கிற இரும்புக் கல் இருந்தது. எங்கள் வீட்டில் நிறுப்பதற்கு ஒன்றும் கிடையாது, ஆகவே கல்லும் கிடையாது.

செங்கலை வைத்துப் பார்த்தேன். நாடியில் தோல் உரிந்தது. செம்புத் தவலையில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். செட்டியார்பட்டியிலேயே பாதித் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. சின்ன மூட்டைச் சோளத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே நழுவினேன்.

“ஏலே, சோளத்தக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு எங்கலே போற?” என்றாள் அம்மா.

“வெயில்ல காயப் போடுதேன்.”

“மழ தூறுது. கொண்டாந்து வையி.”

கடைசியில் கண் பிரசங்க மேசைக்குப் போயிற்று. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வேதப்புத்தகம். பலகை அட்டை, தோல் உறை, நாலு மூலையிலும் பித்தளை. நாலு வீசைக்குக் குறையாது. என் மார்புக்கு அளவெடுத்துச் செய்தது போல் அகலம். பயபக்தியோடுதான் எடுத்தேன். துண்டால் துடைத்துத்தான் திரும்ப வைத்தேன். வேறெந்தச் சாமானும் அவ்வளவு அடக்கமாக நெஞ்சில் வந்து உட்காரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கனம் வந்ததும் தூரம் குறைந்தது. வத்திராயிருப்பு வரை போனவனுக்கு மூன்றாவது ஊரிலேயே மூச்சு முட்டியது. செட்டியார்பட்டிக்கு முனகல், முகவூருக்கு ஐயோ, தளவாய்புரத்துக்குக் கண்ணில் நீர்.

அப்பா கேட்டது

இனி வாசலில் விளக்குமாற்றோடு நின்ற அப்பாவின் பக்கத்திலிருந்து பாருங்கள்.

கோயிலைக் கூட்ட வருகிறார். உள்ளே மகன் வேதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் கிடக்கிறான். “செட்டியார்பட்டி...” என்று முனகுகிறான். “முகவூர்... ஐயோ...” என்கிறான். “தளவாய்புரம்... ஆண்டவரே...” என்று அழுகிறான்.

தளவாய்புரம், அப்பா எத்தனையோ வருஷம் நடந்தும் சபை அமையாத ஊர்.

அவர் விளக்குமாற்றைச் சத்தமில்லாமல் சுவரில் சாத்திவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார். அன்றைக்குக் கோயில் கூட்டவில்லை. காலைக் கஞ்சியில் எனக்குக் கருவாடு ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது. காரணம் கேட்கவில்லை. கருவாட்டிடம் யார் காரணம் கேட்பார்கள்?

அடுக்களையில் அவர் அம்மாவிடம் சொன்னதை அம்மா பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

“நம்ம ஆசீருக்கு ஆவியில எழுப்புதல் வந்துருக்கு. ஊர் ஊராப் பேர் சொல்லி அழுதான். தளவாய்புரத்துக்குத்தான் ரொம்ப அழுதான்.”

“அவனா?” என்றாளாம் அம்மா.

ஏட்டையாவின் குடல்

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருக் கடைசியில் பழைய ஏட்டையா ஒருவர் இருந்தார். குடலிறக்கம். அடிவயிற்றில் தோல் பட்டை கட்டியிருப்பார். அது எப்படி வந்தது என்பதை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் ஓடுகிற நாளில் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார். அந்தத் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது வீதியில் வருவதில்லை, வீதிதான் ஒதுங்கி அதற்கு இடம் கொடுக்கும். தேர் அசையாமல் நிற்க, சக்கரத்துக்குப் பின்னால் தடி போட்டு நெம்புகிறவர்களுக்குக் கை கொடுக்கப் போனாராம்.

“தேரும் நவுந்துச்சு, என் கொடலும் நவுந்துச்சு” என்று முடிப்பார். “தேரு நெலைக்கு வந்துட்டு. இது இன்னும் வரல.”

அதோடு அவருடைய உத்தியோகம் போயிற்று. புதிதாகச் சேருகிறவர்களையும் டாக்டர் அடிவயிற்றைப் பிடித்து இருமச் சொல்லிப் பார்ப்பார், குடல் தட்டுப்பட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

இந்தக் கதை மனதில் இருக்கும்போதுதான், ஒரு காலை, சட்டையில்லாமல் எழும்பும்போது புத்தகத்துக்கு அப்பால் என் வயிற்றைப் பார்த்தேன்.

நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நட்ட நடுவே ஒரு வரப்பு. பீர்க்கங்காயின் முதுகு போல் புடைத்திருந்தது. படுத்தேன், காணோம். எழும்பினேன், வந்தது. விரலால் தொட்டேன். கல் மாதிரி இருந்தது.

குடல்தான். சந்தேகமே இல்லை. நாலு வீசைக் கனத்தில் அழுத்தியிருக்கிறேன். சதை மார்புக்கு ஏறுவதற்குள் குடல் குறுக்கு வழியில் கிளம்பிவிட்டது.

அன்றிலிருந்து நான் வாழ்ந்த வாழ்வை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. இருமுவதில்லை. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். சிரிப்பது அடியோடு நின்றது. எவனாவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். சோறு தின்றால் அது உள்ளே போய்க் குடலை வெளியே தள்ளும் என்று கணக்குப் போட்டு, நீர்த்த கஞ்சி மட்டும் குடித்தேன்.

பயிற்சியை விடவும் மனமில்லை. விட்டால் மார்பு போச்சு, விடாவிட்டால் குடல் போச்சு. ஆகவே நடுவழியாக, புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழும்பாமல் சும்மா கிடந்து, கண்ணை மூடி ஊர்களை மட்டும் சொன்னேன். கனம் வேலை செய்யட்டும், நான் செய்யவில்லை.

அப்பா அதையும் பார்த்தார்.

“ஏலே, சோறு ஏன் வேண்டாங்குத?” என்று அம்மா ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டாள்.

“அவன விடு. ஒபவாசம் இருக்கான்” என்றார் அப்பா.

“ஒபவாசம் இருக்கவன் என்னத்துக்கு அடுக்களைல வந்து கொழம்புச் சட்டிய மோந்து பாக்கான்?”

அப்பா முகத்தில் அந்த நாட்களில் ஒரு வெளிச்சம் இருந்தது. குடையைக்கூட மறந்துவிட்டு நடந்துபோய் வந்தார். எனக்கு அது தெரிந்தது. ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதும் மங்கலாகத் தெரிந்தது. ஆனால் குடல் போகிற அவசரத்தில் அதை யார் கவனிப்பது?

சபைக்கு முன்னால்

நற்கருணை ஞாயிறு வந்தது. ஐயாவும் வந்தார். ஆராதனை முடிகிற நேரத்தில், வெள்ளை அங்கியோடு, சபையைப் பார்த்துச் சொன்னார்:

“நம்ம உபதேசியார் மகன் ஆசீர், தினமும் காலையில இந்தச் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்காகக் கண்ணீரோட ஜெபிக்கிறதாக் கேள்விப்பட்டேன். பாளையங்கோட்டைக்கு எழுதலாம்னு இருக்கேன். தம்பி, முன்னால வா. காலையில ஜெபிக்கிற மாதிரியே சபையார் கேக்க ஜெபி.”

எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று. கருவாடு உட்பட.

போனேன். கால் தானாகப் பெஞ்சுப் பக்கம் இழுத்தது. அப்பா முன் வரிசைப் பாயில் கண்ணை மூடி, கை கூப்பி உட்கார்ந்திருந்தார். எழுதிவிட்டால் பாளையங்கோட்டை, அதன்பின் போலீஸாவது, தலைப்பாகையாவது. இல்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த மூடிய கண்ணுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

வாயைத் திறந்தேன். வேறு ஜெபம் எதுவும் வரவில்லை.

“செட்டியார்பட்டி” என்றேன். பழக்கத்தில் வயிறு இறுகி ஒரு முனகல் வந்தது. பின்னால் ஒரு கிழவி விசும்பினாள்.

“முகவூர்... ஐயோ...”

இப்போது பெண்கள் பக்கம் முழுவதும் விசும்பியது.

பஞ்சு வெடிக்கிற காலம் அது. ராஜபாளையம் பக்கமிருந்து காற்றடித்தால் ஜின்களின் பஞ்சுத் தூசி ஊரெல்லாம் பறக்கும். “தளவாய்புரம்” என்று மூச்சை இழுத்தேன். ஜன்னல் வழியாக வந்த தூசி மூக்கில் ஏறியது. பல நாளாக அடக்கி வைத்திருந்த தும்மல் அத்தனையும் ஒரே தும்மலாக வந்தது.

இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

“போச்சு! கொடல் வெளிய வந்துட்டு! எம்மா!”

பெஞ்சில் விழுந்தேன். மூப்பர்கள் எழுந்து ஓடினார்கள். அம்மா பெண்கள் பக்கமிருந்து எல்லாரையும் தாண்டி வந்தாள். சட்டையைத் தூக்கினாள். கட்டியிருந்ததை அவிழ்த்தாள்.

“எலே, இது என் கல்யாணச் சேலைக் கரையில்லா!”

“அதுக்குக் கீழ பாரும்மா!”

கீழே ஒன்றுமில்லை. வயிறு இருந்த இடத்தில் வயிறு இருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் ஒட்டிப்போய். ஐயா அங்கியோடு குனிந்து பார்த்தார்.

“எங்கப்பா வந்துருக்கு?”

“படுத்தா போயிரும் ஐயா. எழும்புனா வரும்.”

“சரி, எழும்பு.”

எழும்பினேன். வரப்பு வந்தது. ஐயா ஒரு விரலால் அதைக் குத்திப் பார்த்தார்.

“நீ எதுக்கு இப்படி எழும்புற?”

சொன்னேன். போலீஸ், மார்பு, பெஞ்சு, புத்தகம், ஊர்கள் எல்லாம். பெஞ்சின் காலைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். யாரோ ஓர் ஆள் களுக்கென்று சிரிக்க ஆரம்பித்து இருமலாக மாற்றினார். ஐயா நிமிர்ந்து, “சபையார் எழுந்து நிற்கலாம்” என்று சொல்லி ஆசீர்வாதம் கொடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் கோழி சாப்பிடும்போது அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தோள் மட்டும் அடிக்கடி குலுங்கியது.

மூணாவது ஊர்

மத்தியானத்துக்கு மேல் ஜின்னுக்கு ஓடினேன். சுப்பராஜு கதையைக் கேட்டுவிட்டுப் பஞ்சு மூட்டை மேல் மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கினான். அவன் வயிற்றில் என்னுடையதைவிடப் பெரிய வரப்பு.

“ஒரேய் பைத்தியம், இது சதைடா! இது வராதான்னுதான் நான் இரும்புக் கல்லக் கட்டிக்கிட்டு அழுறேன். உனக்கு வந்ததுக்கு நீ அழுறியா?”

“அப்ப மாருக்கு எப்ப ஏறும்?”

“என்னது ஏறும்?”

“வயித்துச் சத. நீதான சொன்ன?”

அவன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு தெலுங்கில் என்னவோ சொன்னான். எனக்குப் புரியாமல் இருக்கட்டும் என்றுதான் தெலுங்கில் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா கோயிலில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு பாயைப் பிடித்தேன்.

“அந்த ஊர்ப் பேரெல்லாம்,” என்றார், “எண்ணிக்கைக்கா?”

“ஆமாப்பா.”

“தளவாய்புரம் வந்ததும் அழுதியே?”

“அது மூணாவதுப்பா. அங்கதான் மூச்சு முட்டும்.”

ஒரு பாயைச் சுருட்டி முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

“தேவதானம் வரைக்கும் போயிருக்கியா?”

“புத்தகத்தோடயா, புத்தகம் இல்லாமயாப்பா?”

“புத்தகத்தோட.”

“இல்லப்பா.”

“ம்” என்றார். “எனக்கும் அந்தத் தளவாய்புரத்து மேட்டுலதான் மூச்சு முட்டும்.”

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். வேதப்புத்தகம் மேசையில் இல்லை. பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தது. பெஞ்சின் மேல், துண்டில் சுற்றி, எங்கள் வீட்டு அம்மிக் குழவி இருந்தது.

அன்று முழுவதும் அம்மா, “அம்மி இருக்கு, கொழவியக் காணோம். கொழவிக்குக் காலா மொளைச்சிருக்கு?” என்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்பா குடையை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்

ஆள் எடுக்கிற நாளுக்குக் கொஞ்ச நாள்தான் மிச்சம் இருந்தது. சோறு தின்றேன், குழவியோடு எழும்பினேன். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பாவும் கூட வந்தார். ஐயாவிடம், பாளையங்கோட்டைக்கு எழுத வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு வர வேண்டுமாம். சொல்லிவிட்டு வந்து, தாலுகா கச்சேரி மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்து நிழலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

இடுப்பில் ஒரு துண்டோடு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் சுப்பராஜு. அவனைப் பிடித்துப் பார்த்து, அளந்து, முதுகில் தட்டி அந்தப் பக்கம் அனுப்பினார்கள்.

டாக்டர் என் அடிவயிற்றைப் பிடித்தார்.

“இருமு.”

இருமினேன். அடக்கி வைத்ததற்கெல்லாம் சேர்த்து இருமினேன்.

“போதும், போதும். வயிறு நல்லாருக்கே. பலகை மாதிரி இருக்கு. என்ன வேல பாக்குற?”

“எழும்புவேன் சார்.”

அவருக்குப் புரியவில்லை. டேப்பை எடுத்து மார்பைச் சுற்றினார். ஒரு முறை பார்த்தார். மறுபடி சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என்னை எதிர்ப்பக்கம் போகச் சொன்னார்கள்.

அப்பா வேப்பமரத்தடியிலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

“வயிறு என்னாச்சுலே?”

“ரொம்ப நல்லாருக்குன்னாரு.”

“பொறவு?”

“மாரு பத்தலயாம். அரை இஞ்சு.”

அப்பா குடையை விரித்தார். மடக்கினார்.

“நான் வயித்துக்குத்தானய்யா இத்தன நாளும் ஜெபம் பண்ணேன்” என்றார். “மாரு விட்டுப்போச்சே.”

சுப்பராஜு ஜின்னில் முதல்முதல் அளந்தபோது என் மார்பு சரியாக இருந்தது. கனம் வைத்து எழும்பியதால் என் குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. குடல் போய்விடும் என்று பயந்து, கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்த நாட்களில்தான் அந்த அரை இஞ்சு போயிற்று. போலீஸில் என்னை எடுக்கவில்லை.